பிராண்டல் படிக்காத கடிதம்

பரிசு வாங்கப்போகிறவள் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. லோர்னா ஹெக்ஸ்டாட் கார் சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, மண்டபத்தின் பக்கக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த புரொபசர் பிராண்டல். மண்ணியல் துறையின் தலைவர்.

"குளிருது சார்."

"சூப் வரட்டும், சரியாயிடும். பரிசு நம்ம ஆட்ரிக்குத்தான், பார்த்துக்கிட்டே இரு. நான் எழுதின கடிதத்துக்கு எவன் இல்லைன்னு சொல்லுவான்?"

அந்தக் கடிதத்தை அவர் எழுதவில்லை. படிக்கவும் இல்லை.

பெண்களின் தலைமைக்கும் ஆண் பெண் சமத்துவத்துக்கான சேவைக்கும் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் தரும் பரிசு அது. பேராசிரியர் என்றில்லை, அங்கே வேலை பார்க்கும் எந்தப் பெண்ணும் பெறலாம். அக்டோபரில் பிராண்டல் தன் செக்ரட்டரி லோர்னாவின் மேசைமேல் படிவத்தைப் போட்டார். "ஆட்ரி பேரைப் போட்டு ரெண்டு பக்கம் எழுதிடு. படிக்கிறவன் கண்ணு கலங்கணும். நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

லோர்னா நல்ல மனதோடுதான் ஆரம்பித்தாள். பேராசிரியை ஆட்ரி நல்லவள். மண்புழுவைத் தவிர வேறு எதிலும் தலையிடாதவள். துறையில் பெண்களுக்காக நடந்தவற்றை ஒவ்வொன்றாக எழுத எழுத, எல்லாமே லோர்னா செய்ததாகவே வந்து நின்றது. வயல் ஆய்வு நிலையத்தில் பெண்களுக்குக் கழிப்பறை, பிள்ளை பெற்றவர்களுக்கு வகுப்பு நேர மாற்றம், நேர்காணலில் "எப்போது கல்யாணம்?" என்று கேட்பதற்குத் தடை. இருபத்திரண்டு ஆண்டுகளாக எல்லா உத்தரவையும் தட்டச்சு செய்தவள் அவள். கையெழுத்து மட்டும் அவருடையது.

இரண்டாம் பக்கத்தில் பொறுமை போயிற்று. ஆட்ரியின் பெயரை நான்கு இடத்தில் அழித்துத் தன் பெயரைப் போட்டாள். அந்தக் கோபத்திலேயே இன்னும் சில வரிகளைச் சேர்த்தாள். கடிதத்தைக் கார் நிறுத்துமிடப் புகாருக்கும் உரச் சோதனை அனுமதிக்கும் நடுவில் வைத்து நீட்டினாள். பிராண்டல் சாண்ட்விச்சைக் கீழே வைக்காமலே மூன்றிலும் கையெழுத்துப் போட்டார்.

கோபம் மறுநாளே தணிந்துவிட்டது. கடிதம் அதற்குள் போய்விட்டது.

போன வாரம் லோர்னாவுக்கு ரகசியமாகத் தகவல் வந்தது. பரிசு அவளுக்குத்தான். பரிந்துரைத்தவரே மேடையில் கடிதத்தை வாசிப்பார் என்று கீழே ஒரு வரி. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

விருந்துக்குக் கூட்டம் நெரிந்தது. வழக்கமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மற்றத் துறைச் செக்ரட்டரிகள் பத்துப் பேரும் இந்த ஆண்டு தலைமுடியைச் சுருட்டிவிட்டு, நல்ல உடை உடுத்தி, முன்வரிசை மேசையைப் பிடித்திருந்தார்கள். லோர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மானம் போவதை அவர்களுமா பார்க்க வேண்டும்?

பரிசுக் குழுத் தலைவி தெல்மா கோவால்கி மேடையேறினாள். "இந்த ஆண்டு பரிசு, மண்ணியல் துறை லோர்னா ஹெக்ஸ்டாட்!"

பத்துச் செக்ரட்டரிகளும் விரல் நுனியால் கைதட்டினார்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை.

பிராண்டலின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. மைக் முன் நிறுத்தி, கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் திக்கித் திக்கிப் படிக்கத் தொடங்கினார்.

"எங்கள் வயல் நிலையத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பது துறைத் தலைவரான எனக்கு ஒன்பது ஆண்டுகள் தெரியாது. எனக்கு மரம் போதுமானதாக இருந்தது."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. லோர்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டது தவிர இத்துறைக்கு நான் எதுவும் செய்ததில்லை. மற்றதெல்லாம் லோர்னா செய்தது."

எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். பிராண்டல் முதலில் மிரண்டார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். கடைசிப் பத்தியை நடிகரைப் போல நிறுத்தி நிறுத்திப் படித்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துக் குனிந்து வணங்கினார். "என்ன அடக்கமான மனுஷன்!" என்று டீன் அவர் முதுகில் தட்டினார்.

திரும்பி வந்தவர் லோர்னாவிடம் கிசுகிசுத்தார். "நான் நல்லாத்தான் எழுதியிருக்கேன், இல்ல?"

தப்பித்தாள். ஆனால் பரிசாகக் கைக்கு வந்த கண்ணாடிக் கேடயம் கனத்தது. எழுந்து நின்று தட்டிய அத்தனை பேரையும் ஏமாற்றிவிட்டோம் என்று நெஞ்சு உறுத்தியது. கூட்டம் கலைந்ததும் நேரே தெல்மாவிடம் போனாள்.

"மேடம், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அந்தக் கடிதத்தை அவர் எழுதலை. நானேதான் எழுதினேன்."

தெல்மா கேக் தின்றுகொண்டிருந்தாள். "அதுல ஏதாவது பொய் இருக்கா?"

"ஒரு வரிகூடப் பொய் இல்ல. ஆனா என்னை நானே புகழ்ந்துக்கிட்டேன். அது தப்புதானே? வேலை போனாலும் பரவாயில்ல. இதைத் திருப்பி வாங்கிக்குங்க. இரண்டாவதா வந்தவங்க யாரோ, அவங்களுக்கே குடுத்துடுங்க."

பத்துச் செக்ரட்டரிகளும் இன்னும் எழுந்திராத முன்வரிசை மேசையைத் தெல்மா ஒரு முறை பார்த்தாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாருக்குன்னு குடுக்கிறது? இந்த வருஷம் பதினோரு துறைத் தலைவருங்க கடிதம் அனுப்பினாங்க. பதினொண்ணும் அவங்கவங்க செக்ரட்டரிக்குத்தான்!"