ரிவர்ஸ் வராத மனிதர்

"இடது! இடதுன்னா இடது! ஐயோ, கள்ளி! கள்ளி!"

பக்கத்து இடத்துக்காரன் டுவேன் போட்ட கூச்சலில் முகாமில் பாதிப் பேர் காபிக் கோப்பையோடு வெளியே வந்துவிட்டார்கள்.

ஓரின் தன் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்து வந்த சக்கர வீடு, அந்த டிரெய்லர், மறுபடியும் கோணலாகப் போய் நின்றது. பெரிய வண்டியும் இல்லை, பதின்மூன்று அடி. அதை இரண்டு கள்ளி மரங்களுக்கு நடுவே பின்னால் தள்ளி நிறுத்த இது ஏழாவது தடவை.

"வால் இடப்பக்கம் போகணும்னா ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்கணும், பெரியவரே!"

"உங்க வலமா, என் வலமா?" ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டார் ஓரின்.

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னா மட்டும் சிரிக்கவில்லை. அந்த அரிசோனா பாலைவன முகாமுக்கு அவள்தான் பொறுப்பாளர். வடக்கே பனி விழத் தொடங்கியதும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்து சேரும் ஓய்வுபெற்றவர்களுக்கு இடம் காட்டுவாள், குழாய் ஒழுகினால் சரிசெய்வாள். இப்படி ஓட்டத் தெரியாத ஆளை அவள் பார்த்ததே இல்லை.

பத்தாவது தடவை, ஆறு பேர் சுற்றி நின்று கைகாட்ட, ஒருவழியாக வண்டி உள்ளே போனது. கைதட்டல்.

ஓரின் வேர்வையைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். "உங்க எல்லாருக்கும் பெரிய தொல்லை. ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்களேன்."

டிரெய்லருக்குள் மர வேலை முழுக்க அவரே செய்தது. கட்டில் இல்லை. மூன்று பக்கச் சுவரையும் ஒட்டிப் பலகை, நடுவில் மடக்கு மேஜை, கொக்கிகளில் ஆறு கோப்பைகள்.

"படுக்கிறது எங்க?" என்றாள் வெர்னா.

"இந்தப் பலகைதான். காலை மடக்கிக்கிட்டா ஆச்சு."

"ஒத்தை ஆளுக்கு எதுக்குங்க இவ்வளவு உட்கார்ற இடம்?"

"வர்றவங்களை நிக்க வைக்க முடியுமா?"

வண்டியும் ஓட்டத் தெரியவில்லை, வீடும் கட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு நாள் கழித்து, டிரெய்லரின் கழிவுநீர்த் தொட்டியைக் காலிசெய்ய வண்டியை வெளியே எடுத்தார். திரும்பி வந்ததும் பழைய கதைதான். டுவேன் கத்தினான், கூட்டம் கூடியது. எட்டாவது தடவையில் டிரெய்லரின் வால் குழாய்க் கம்பத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

வெர்னாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது உடைஞ்சிருந்தா முகாமுக்கே தண்ணி கிடையாது, தெரியுமா? இந்த வயசுல எதுக்கு இதை இழுத்துக்கிட்டு ஊர் ஊரா அலையறீங்க? பிள்ளைங்க இல்லையா?"

"இருக்காங்க. ரெண்டு பேர். பிறந்தநாளைக்குப் போன் பண்ணுவாங்க." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காபி குடிக்கறீங்களா?"

"வேண்டாம்."

அன்று சாயங்காலமே அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டாள். 'இவருக்குப் பாதுகாப்பாக வண்டி ஓட்டத் தெரியவில்லை. இடத்தைக் காலிசெய்யச் சொல்லவும்.' அடுத்த நாளே கொடுக்க நினைத்தாள். காற்று, மழை, ஒழுகல் என்று மூன்று நாள் தள்ளிப்போய்விட்டது.

நாலாம் நாள் விடியற்காலை, கடிதத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது இன்ஜின் சத்தம் கேட்டது.

ஓரின் மறுபடியும் தொட்டியைக் காலிசெய்துவிட்டு வந்துகொண்டிருந்தார். முகாமில் ஒரு கதவும் திறக்கவில்லை.

வண்டி ஒரு வளைவு வளைந்தது. அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினார். கண்ணாடியை ஒரு தடவைதான் பார்த்தார். டிரெய்லர் இரண்டு கள்ளிகளுக்கு நடுவே வெண்ணெயில் இறங்கிய கத்தி மாதிரி போய் நின்றது.

வெர்னா அப்படியே நின்றுவிட்டாள்.

ஓரின் இறங்கினார். மூடிக் கிடந்த கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மறுபடி ஏறி, வண்டியை வெளியே இழுத்து, பாதைக்குக் குறுக்கே கோணலாக நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்.

வெர்னா ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "பார்த்துட்டீங்களா?"

"என்ன வேலை பார்த்தீங்க இதுக்கு முன்னாடி?"

"லாரி ஓட்டினேன். பதினெட்டுச் சக்கரம். முப்பத்தோரு வருஷம்."

"அப்புறம் ஏன்யா இந்தக் கூத்து?"

அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"முதல் ரெண்டு முகாம்ல ஒழுங்காத்தான் நிறுத்தினேன். ஒரே தடவைல. யாரும் நாற்காலியை விட்டு எந்திரிக்கவே இல்லைங்க. ஒரு மாசம் இருந்தேன். என் பேர் என்னன்னு ஒருத்தர் கேக்கல."

நாலு குளிர்காலமாக வெர்னாவின் கதவைத் தட்டியவர்கள் எல்லோரும் குழாய் ஒழுகுகிறது என்று வந்தவர்கள்தான். சரிசெய்து கொடுத்ததும் போய்விடுவார்கள்.

"கம்ப்ளெயின்ட் கொடுக்கப் போறீங்களா?" என்றார் ஓரின்.

அவள் விறுவிறுவென்று நடந்துபோய் டுவேனின் கதவைப் படபடவென்று தட்டினாள்.

"டுவேன், எந்திரி! பெரியவர் மறுபடியும் மாட்டிக்கிட்டு நிக்கிறார். பக்கத்துல இருக்கறவங்களையும் எழுப்பு, நாம ரெண்டு பேர் மட்டும் பத்தாது!"