டெமோ பீஸ்

“தண்ணிக்குள்ள இந்தக் கேமரா எத்தனை மீட்டர் தாங்கும்?” என்று நான்காவது வருஷமாகக் கேட்டார்.

“பத்து மீட்டர், சார்.”

நான்காவது வருஷமாகச் சொன்னேன். அவருக்கு நீச்சல் தெரியாது.

பிஸ்கட் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். உடையாத பிஸ்கட்டிலும் விரிசல் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர். மாடல்களை ஒப்பிட்டுப் பதினான்கு கட்டம் போட்ட தாள் ஒன்றை விரித்தபடிதான் கடைக்குள் நுழைவார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் அட்டவணை.

மலைக்குக் கிளம்பும் நாளன்றுதான் கேமரா வாங்க வருவார். கூடவே இரண்டு பைகளோடு மனைவியும் வருவார். மலைக்கு ஒரு நாளைக்கு ஒரே பஸ்தான். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு. எங்கள் கடைக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் நிறுத்தம்.

முதல் வருஷம் பேட்டரி பிடிக்கவில்லை. இரண்டாம் வருஷம் லென்ஸ் மூடி. போன வருஷம், அடுத்த மாதம் புது மாடல் வருவதாக எங்கேயோ படித்துவிட்டார். மூன்று வருஷமும் பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போயிற்று.

“பதிவு பண்ணாத பயணம் பயணமே இல்ல” என்று என்னிடம் ஒரு தத்துவத்தை உதிர்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவார். இரண்டு பைகளையும் அந்த அம்மாதான் தூக்கிக்கொண்டு பின்னால் போவார்.

இன்றும் அந்த அம்மா அவருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காலடியில் பைகள். பக்கத்துக் கண்ணாடியில் பெரிய விளம்பரப் படம்: மலை உச்சியிலிருந்து கையை விரித்துக் குதிக்கிறான் ஒருவன். ஸ்டூலிலிருந்து பார்த்தால் அவனுடைய கால்கள் பஸ் நிறுத்தத்தைச் சரியாக மறைத்துக்கொண்டிருந்தன. கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் எனக்கு மட்டும்தான் நிறுத்தம் தெரியும்.

காலை ஒன்பதரையிலிருந்து நிற்கிறேன். கணுக்கால் இரண்டும் வீங்கிவிட்டன. விற்பனையாளர் உட்காரக் கூடாது. உட்கார்ந்திருக்கிறவன் சாகசத்தை எப்படி விற்பான் என்பது மேலாளரின் வாதம். இந்த வாழ்க்கையில் நான் ஏறிய அதிகபட்ச உயரம், மேல் தட்டுச் சரக்கை எடுக்கிற ஏணி.

மணி ஐந்து இருபத்தைந்து. அட்டவணை இரண்டு மாடல்களில் வந்து நின்றிருந்தார். ஒன்று மற்றொன்றைவிட இருபது கிராம் கூடுதல்.

“நாலு பிஸ்கட்” என்றார் கவலையோடு.

வழக்கமாக இந்நேரத்துக்கு அந்த அம்மா, ‘ஏங்க, மணியாகுது’ என்று மூன்று தடவையாவது சொல்லியிருப்பார். இன்று வாயே திறக்கவில்லை. அலுத்துப்போனவர்கள் ஒரு கட்டத்தில் அப்படி ஆகிவிடுகிறார்கள்.

வருகிறவர்களுக்கு இயக்கிக் காட்ட வைத்திருக்கும் டெமோ பீஸை எடுத்தேன். நீளக் குச்சியில் மாட்டி அவர் கையில் கொடுத்தேன்.

“எடுத்துப் பாருங்க, சார். முன்னால ஒரு லென்ஸ், பின்னால ஒரு லென்ஸ். எதையும் குறி பாக்க வேணாம். மொதல்ல எல்லாத்தையும் எடுத்துருவீங்க. எந்தப் பக்கம் பாக்கறதுன்னு அப்புறமா முடிவு பண்ணிக்கலாம்.”

அந்தக் கடைசி வசதி அவருக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது.

குடையைப் பிடிப்பதுபோல் குச்சியைத் தலைக்கு மேல் உயர்த்தினார். குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

“நாம் இப்போது கடல் மட்டத்திலிருந்து…” நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இங்க என்ன உயரம்?”

“தரைத்தளம், சார்.”

சாலையின் அந்தப் பக்கம் பஸ் வந்து நின்றது.

ஓடினாலும் குலுங்காமல் படம் எடுக்கும் வசதியைப் பற்றி நான் விளக்கத் தொடங்கினேன். நிதானமாக விளக்கினேன். ஓடுவது எப்படி, குலுங்குவது எப்படி என்று நடித்தும் காட்டினேன். கணுக்கால் உயிரை எடுத்தது.

முடித்தபோது மணி ஐந்து ஐம்பது.

டெமோ பீஸில் பதிவான படத்தை டேப்லெட்டில் ஓடவிட்டேன். விரலால் தள்ளினால் காட்சி சுற்றும். இரண்டு லென்ஸின் படமும் ஒட்டுகிற இடத்தில் கோடு தெரிகிறதா என்று தேடியபடி தள்ளிக்கொண்டே போனார். அவர் முகம். அலமாரி. குதிக்கிறவன். ஸ்டூல்.

ஸ்டூலில் இருந்த அம்மா எழுந்தார். இரண்டு பைகளில் ஒன்றை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டார். கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

அட்டவணை படத்தைப் பின்னோக்கி ஓட்டினார். எழுவதற்கு முன்னால் அந்த அம்மா யாரையோ பார்க்கிறார். யாரை என்று விரலால் தள்ளிப் பார்த்தார்.

என்னை.

நான் பஸ்ஸைப் பார்க்கிறேன். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, லேசாகத் தலையசைக்கிறேன்.

எல்லாப் பக்கமும் பார்க்கும் என்று சொல்லிச் சொல்லியே விற்கிறவன் நான். என் பக்கமும் பார்க்கும் என்பது மறந்துபோயிற்று.

அட்டவணை திரும்பினார். ஸ்டூல் காலி. கீழே ஒரு பை. கதவுக்கு வெளியே நிறுத்தமும் காலி.

“அம்மா காலையில கடைக்குப் போன் பண்ணாங்க, சார்.”

“என்ன சொன்னா?”

மறைத்துப் பயனில்லை. கேட்டதை அப்படியே சொன்னேன்.

“‘மூணு வருஷமா நீங்க அவரைப் பிடிச்சு வச்சதுல நான் போகல. இந்தத் தடவை பிடிச்சு வச்சீங்கன்னா நான் போயிருவேன், தம்பி’ன்னாங்க.”

கத்துவார் என்று நினைத்தேன். அவர் மறுபடி டேப்லெட்டை இழுத்துக்கொண்டார். என் தலையசைப்புக்குப் பிறகு அந்த அம்மா சிரிக்கிற இடத்தில் நிறுத்தினார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். குறை தேடுகிறவரின் கண்தான். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“பில் போடுங்க.”

“உள்ளேருந்து புதுசு எடுத்துட்டு வரேன், சார். இது டெமோ பீஸ். லென்ஸ்ல கீறல் இருக்கு.”

“இருக்கட்டும். இதையே குடுங்க.”