மூன்றாவது குண்டு

செங்கோடனுக்கும் அவர் தங்கையைக் கட்டிய நல்லசிவத்துக்கும் ஓயாத சண்டை இது ஒன்றுதான்: மச்சானின் த்ரீ செவன்டி ஃபைவ் ரைஃபிளா, மாப்பிள்ளையின் நைன் பாயின்ட் த்ரீயா, எதற்கு அடி அதிகம்?

"உங்களுதுல சத்தந்தான் மச்சான் ஜாஸ்தி."

"உன்னுது காட்டெருமைத் தோலுக்கே மூச்சு வாங்கும், மாப்ள."

கடைசியில் காட்டுக்குள் பட்டுப்போன ஒரு மரத்தின் முன் போய் நின்றார்கள். ஆளுக்கு ஒரே தோட்டா. மிச்சம் ஜீப்பில். அடுத்தவன் சுட்டதைப் பார்த்துவிட்டுச் சாக்குச் சொல்லக் கூடாது என்பதற்காக, இருவருக்கும் நடுவே ஒரு முழம் விட்டு நின்று, மூன்று எண்ணி, ஒரே நேரத்தில் சுட்டார்கள்.

கிட்டே போய்ப் பார்த்தால் மரத்தில் மூன்று துளைகள்.

"ரெண்டு தடவ சுட்டியா?"

"ஒண்ணுதான். நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க."

உளியால் குடைந்தார்கள். செங்கோடனின் குண்டு நாலு விரல் ஆழத்தில் இருந்தது. நல்லசிவத்தினுடையது அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றிருந்தது. நடுத்துளையில் உளி முழுக்க இறங்கியும் எட்டவில்லை. மரத்தின் பின்பக்கம் வெட்டித்தான் அதை எடுக்க முடிந்தது. இரண்டையும்விடத் தடிமன். தொட்டால் இன்னும் சுட்டது.

"நமக்கு நடுவால வந்திருக்கு, மச்சான்," என்றார் நல்லசிவம்.

ஜீப் பக்கம் யாரோ நிதானமாக, தோட்டா ஏற்ற, ரைஃபிளின் போல்ட்டை இழுத்துத் தள்ளினார்கள். அந்தச் சத்தத்தை வைத்தே எந்த ரைஃபிளுக்கும் பெயர் சொல்லிவிடுவார் செங்கோடன். குண்டை உள்ளங்கையில் வைத்தபடி, திரும்பாமல், யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.