பன்னிரண்டு சுற்று

தபால் ஆபீஸ் அம்மா மோதிரத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தார்.

போன மாதம்வரை விரலிலிருந்துதான் கழற்றித் தருவார். பையில் வைத்துக் கொண்டுவரும் அளவுக்கு லூஸாகிவிட்டதா என்று நினைத்தேன்.

நூல் உருண்டையை எடுத்தேன்.

நான் நகை வேலை செய்பவன். நாள் முழுக்கத் தங்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவதுதான் பிழைப்பு. ஆனால் வழவழப்பு மட்டும் இருந்தால் எதுவும் உடம்பில் நிற்காது. திருகாணியின் மரை தேய்ந்தால் தோடு தொலைந்தது என்று வைத்துக்கொள்ளலாம். என் மகளின் பாடப்புத்தகத்தில் இதற்கு உராய்வு என்று பெயர். பட்டறையில் நாங்கள் பிடிப்பு என்போம்.

அவருக்குச் சிகிச்சை ஆரம்பித்த மாதமே விரல் இளைத்து, இந்த மோதிரம் பிடிப்பை விட்டுவிட்டது. ஒருமுறை பார்சல் மூட்டைக்குள் விழுந்து, மொத்த ஆபீஸும் மூட்டையைக் கொட்டித் தேடியதாம்.

வெட்டிச் சின்னதாக்கித் தருகிறேன் என்றேன். கேட்கவில்லை. வெட்டினால் அப்புறம் எப்படிப் போடுவது என்றார்.

அப்புறம் என்றால் எப்போது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அதனால் நூல். வளையத்தின் அடிப்பக்கத்தில் பருத்தி நூலை இறுக்கிச் சுற்றினால் தங்கம் வழுக்கினாலும் நூல் விரலைப் பிடித்துக்கொள்ளும். முதலில் நான்கு சுற்று. அடுத்த மாதம் ஆறு. போன மாதம் ஒன்பது.

விரல் அளவு பார்க்கும் வளையக் கொத்தை நான் எடுப்பதே இல்லை. எண் குறைந்துகொண்டே போவதை அவர் முன்னால் படிக்க மனசு வரவில்லை. முகத்தையும் பார்ப்பதில்லை. தலையில் கட்டிய துணியைப் பார்த்தால் எனக்கு வேலை ஓடாது.

அழுக்கேறிய பழைய நூலை வெட்டி எறிந்தேன். குத்துமதிப்பாகப் பன்னிரண்டு சுற்று சுற்றி, முடிச்சுப் போட்டு நீட்டினேன்.

மோதிரம் விரல் மூட்டோடு நின்றுவிட்டது.

நூல் கொஞ்சம் தடிமன் என்று முணுமுணுத்தேன். இத்தனை வருட அனுபவத்தில் இந்தச் சின்ன வேலையில் கோட்டை விட்டதில் வெட்கமாக இருந்தது. ஒரு சுற்று அவிழ்த்தேன். போகவில்லை. இன்னொன்று. போகவில்லை.

ஒன்பதுக்கு வந்தேன். போன மாதம் இதே நூல், இதே ஒன்பது. அப்போது சரியாக உட்கார்ந்தது.

இப்போது மூட்டைத் தாண்டவில்லை.

எட்டாக்கினேன். அதுவும் ஏறவில்லை. என் கை அப்படியே நின்றது. பல மாதங்களுக்குப் பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் சதை வைத்திருந்தது. ரொம்ப நேரமாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“இன்னும் அவிழுங்கண்ணே. நேத்து டாக்டரே நம்பாம எடை மெஷின்ல என்னை ரெண்டு தடவ ஏத்திப் பாத்தார்.”

அவிழ்த்தேன். ஏழு, ஆறு என்று எண்ணியது ஞாபகம் இருக்கிறது. அதன்பிறகு கண் கலங்கி, எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது.