இடி கேட்டதும்

மொட்டை மாடியில், ஸ்டாண்டில் பொருத்திய சின்ன கேமராவின் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தார் கணவர்.

“போன மாசம் தெருவிளக்கைப் படம் எடுத்துட்டு நிலான்னீங்க. இன்னிக்கு மின்னலா?” என்றாள் மனைவி.

“பேசாம பாரு.”

மின்னல் வானத்தைக் கிழித்தது. அவர் அசையவில்லை. இடி உருண்டு வந்த பிறகுதான் அமுக்கினார்.

“மாட்டிக்கிச்சு!”

“இடி இடிக்கிற வரைக்கும் மின்னல் உங்களுக்காகப் போஸ் குடுத்துட்டு நிக்குமா?” சிரித்தபடியே கேமராவை எட்டிப் பார்த்தாள். திரை முழுக்கக் கறுப்பு.

“எப்படி வந்திருக்கு சொல்லு. இந்தப் படத்தை நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட காட்டணும். மின்னல் வெளிச்சமாவது தெரிஞ்சாத்தான் ஆபரேஷன் பண்ண முடியும்னாரே.”

அவள் சிரிப்பு நின்றுபோனது.

“அழகா வந்திருக்குங்க” என்றாள்.