தொப்புள் வழியாக

நல்லகாமன் கையெழுத்துப் போடமாட்டேன் என்றான்.

மூன்றாவது தடவையாக அவனுக்கு விளக்கினேன். காலையிலிருந்து இரண்டு ஆபரேஷன். மத்தியானச் சாப்பாடு டிபன் பாக்ஸிலேயே ஆறிப்போயிருந்தது.

அவன் மனைவி பாண்டிச்செல்வியை ஆனையூரிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்திருந்தான். நேற்றிலிருந்து வயிற்றுவலி. குடல்வாலா, சினைப்பையா, ஸ்கேனில் பிடிபடவில்லை. தொப்புளில் சின்னத் துளை போட்டு, லேப்ராஸ்கோப் கேமராவை விட்டுப் பார்த்துவிடலாம். இல்லையென்றால் வயிற்றை நீளமாகக் கிழித்துத்தான் தேட வேண்டும்.

"தொப்புள்ல குழாய் விடுறது குடும்பக் கட்டுப்பாட்டுக்குத்தானே மேடம்? ரெண்டும் பொம்பளப்புள்ளைக. ஒரு பயலுக்காக ஆறு வருசமா கோயில் கோயிலா தொட்டில் கட்டிக்கிட்டு இருக்கோம்."

அது வேறு, இது வேறு என்றேன். எரிச்சலாக இருந்தது. ஆனால் அவனைக் குறை சொல்லவும் முடியாது. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அந்தக் குழாயைக் காட்டியதே குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்கள்தான். அந்த முகாம்களில் ஒரே நாளில் நாற்பது பேருக்குச் செய்தவள் நான்.

கருக்குழாய் பக்கமே போகமாட்டேன் என்று என் பிள்ளைகள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பேனாவை எடுத்தான்.

மயக்க மருந்து கொடுக்குமுன் பாண்டிச்செல்வி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கேமராவில் உள்ளே இருப்பதெல்லாம் தெரியுமா என்று கேட்டாள். தெரியும், அதற்குத்தானே விடுகிறோம் என்றேன். கண்ணை மூடும்வரை அவள் பிடியை விடவில்லை. வலியில் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டிவி திரையில் குடல்வால் வீங்கிச் சிவந்து கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் உடைந்திருக்கும். எடுத்துவிட்டேன்.

வேலை முடிந்தது. பழக்கதோஷம், கேமராவைக் கர்ப்பப்பை பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

இரண்டு கருக்குழாயிலும் குழாய்க்கு ஒன்றாக வெள்ளை ரப்பர் வளையம். முகாமில் போடுகிற அதே கருத்தடை வளையம். போட்டு ஐந்தாறு வருஷமாவது இருக்கும்.

இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போன இடத்தில் போட்டுக்கொண்டிருப்பாள். போட்டது என் கையாகக்கூட இருக்கலாம். அதற்குப் பிறகும் அவனோடு கோயில் கோயிலாகப் போய்த் தொட்டில் கட்டியிருக்கிறாள்.

நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள். குடல்வால் என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

வெளியே நல்லகாமன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தான். குடல்வால்தான், எடுத்தாயிற்று, பிழைத்துக்கொண்டாள் என்றேன். தலையாட்டினான். அந்தப் பக்கம் தொடவில்லையே என்று கேட்டான்.

எனக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

"நான் தொடலைப்பா."

கையெடுத்துக் கும்பிட்டான்.