அந்த மகராசன்

துரை தன் பழைய கம்பளிக் கோட்டை வண்டிக்காரனுக்குக் கொடுத்தார். காலமெல்லாம் அடுப்படியில் வெந்த சமையல்காரனுக்கு வயிறு எரிந்தது. தனக்கு ஒரு கைக்குட்டைகூடக் கிடைத்ததில்லையே!

அடுத்த வாரமே, புரட்சிக்காரன் என்று வண்டிக்காரனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. சமையல்காரன் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டான்.

ஆனால் புரட்சி வென்றது. துரை கப்பலேறினார். சிறையிலிருந்து வந்த வண்டிக்காரனை ஊரே தோளில் தூக்கியது. துரையின் பங்களாவையும் அவனுக்கே கொடுத்தது.

சமையல்காரன் காபி கொண்டுபோனான்.

"புரட்சின்னா என்னன்னே எனக்குத் தெரியாதுண்ணே," என்று வண்டிக்காரன் கிசுகிசுத்தான். "எவனோ பொய்யா போட்டுக் கொடுத்திருக்கான். அந்த மகராசன் நல்லா இருக்கணும்!"

"நான்தான்டா அது!" என்று கத்தச் சமையல்காரனின் நாக்கு துடித்தது. காட்டிக் கொடுத்தவர்களைத் தேடும் புரட்சிக்காரர்களின் துப்பாக்கிகள் வாசலில் நின்றன.

"சர்க்கரை போதுமாங்க?" என்றான்.